தீபாவளி ஆர்டர் அகப்பக்கம்: கைப்பேசியில் தலைப்பு வெட்டுப்படுகிறது, பக்கம் பக்கவாட்டில் நகர்கிறது, உதவி தேவை

பாயான் பாரு பலகாரம்:
வணக்கம். என் அக்கா பினாங்கு பாயான் பாருவில் வீட்டிலேயே முறுக்கு, ஓமப்பொடி, அச்சு முறுக்கு, நெய் உருண்டை செய்து விற்கிறார். ஆர்டர் முழுக்கப் புலனத்தில்தான் (வாட்ஸ்அப்) வருகிறது. விலை என்ன, ஒரு டப்பாவில் எவ்வளவு, பட்டர்வொர்த்துக்கு அனுப்புவீர்களா என்று எல்லாரும் அதே கேள்விகளைக் கேட்பதால், துண்டுகளை இழுத்து வைத்துப் பக்கம் கட்டும் தளம் ஒன்றில் வார்ப்புரு எடுத்து ஓர் அகப்பக்கம் செய்துகொண்டிருக்கிறேன்.

மடிக்கணினியில் அழகாக இருக்கிறது. கைப்பேசியில் திறந்தால் ‘தீபாவளிப் பலகாரம்’ என்ற தலைப்பில் ‘தீ’யின் மேல் சுழி வெட்டுப்படுகிறது, இரண்டு வரியாக மடங்கினால் வரிகள் ஒன்றையொன்று இடிக்கின்றன. பக்கம் இடது வலதாகவும் நகர்கிறது, ஓரத்தில் வெள்ளைப் பட்டை ஒன்று தெரிகிறது. இன்னொன்று, என் ஆண்ட்ராய்டில் ஒரு மாதிரியும் அக்காவின் ஐபோனில் வேறு மாதிரியும் எழுத்து வருகிறது. ஆங்கிலத்தில் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுகிறது. தமிழை எடுத்துவிட எனக்கு மனமில்லை, வாங்குபவர்களில் பாதிப் பேர் அக்கா வயதுக்கு மேற்பட்ட அம்மாக்கள்.

ஜாலான் ஈப்போ:
தலைப்பின் எழுத்து அளவைக் குறைத்துப் பாருங்கள், பெட்டிக்குள் அடங்கிவிடும். பக்கவாட்டில் நகர்வதற்கு ஓவர்ஃப்ளோவை (திரைக்கு வெளியே வழிவதை) மறைத்துவிட்டால் முடிந்தது.

செந்தூல் டிசைனர்:
தம்பி, அளவைக் குறைக்காதீர்கள். உங்கள் வாசகர்கள் அம்மாக்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள், அவர்களுக்குப் போய் எழுத்தைச் சின்னதாக்கலாமா?

ஆங்கிலத்தில் சரியாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், விடை அதிலேயே இருக்கிறது. அந்த வார்ப்புருவை வரைந்தவர் ஆங்கில எழுத்தை மனதில் வைத்து வரைந்திருக்கிறார். ஆங்கிலத் தலைப்புக்கு வரி உயரம் 1.0, 1.1 என்று நெருக்கி வைப்பார்கள். தமிழில் தீ, கீ போன்றவை மேலே சுழிந்து போகும், பு, சு, யு போன்றவை கீழே இறங்கும். அந்த இரண்டுக்கும் இடம் வேண்டும். தலைப்புக்கு வரி உயரத்தை 1.4 வரை ஏற்றுங்கள், பத்திக்கு 1.7 நன்றாக இருக்கும். அதோடு அந்தத் தலைப்புப் பெட்டிக்கு நிலையான உயரம் ஏதாவது போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு ‘தானாக’ என்று மாற்றுங்கள், ஏனென்றால் வரி உயரத்தை மட்டும் ஏற்றி பெட்டியை அப்படியே விட்டால் மறுபடியும் வெட்டத்தான் செய்யும். எழுத்து இடைவெளி என்று ஓர் அமைப்பு இருக்கும், வார்ப்புருவில் அது 2, 3 பிக்சல் என்று இருந்தால் பூஜ்யமாக்குங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது அழகு, தமிழில் சொல் உதிரி உதிரியாகத் தெரியும்.

இரண்டு கைப்பேசியில் இரண்டு மாதிரி வருவதற்குக் காரணம், நீங்கள் தேர்ந்த எழுத்துருவில் தமிழே இல்லை. அப்போது கருவி தன்னிடம் இருக்கும் தமிழைப் போட்டுக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ வரும், விண்டோஸில் நிர்மலா, ஐபோனில் தமிழ் சங்கம் எம்என். (அந்த எம்என், நம் நாட்டு முத்து நெடுமாறன்தான். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் செய்தவர். நம் எழுத்தை ஆப்பிள் கருவிகளுக்குள் கொண்டுபோனவர் ஒரு மலேசியர் என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.) ஒவ்வொன்றுக்கும் அகலம் வேறு, அதனால் வரி மடங்கும் இடமும் மாறும். கூகுள் எழுத்துருக்களில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் எல்லாம் இலவசம், அவற்றில் ஒன்றை நீங்களே குறிப்பிட்டுப் போடுங்கள், எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி வரும்.

பக்கவாட்டு நகர்வுக்கு ஓவர்ஃப்ளோவை மறைக்கச் சொன்ன நண்பரோடு நான் ஒத்துப்போகவில்லை. திரையைவிட அகலமான ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது, மறைத்தால் அதன் வலது பகுதி யாருக்கும் தெரியாமல் போகும், அது விலையாகக்கூட இருக்கலாம். தளத்தில் சொந்த சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் குறியீடு) சேர்க்கும் இடம் இருந்தால், எல்லா உறுப்புக்கும் தற்காலிகமாகச் சிவப்பு அவுட்லைன் (சுற்றுக்கோடு) போடுங்கள், திரையின் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பது உடனே மாட்டும். என் அனுபவத்தில் இரண்டு பேர்தான் குற்றவாளிகள். ஒன்று, அகலத்தை 1200 பிக்சல் என்று நிலையாக வைத்த படம். அதை 100 சதவீதம் என்று மாற்றுங்கள். மற்றது, பட்டனில் இருக்கும் நீளமான தமிழ்ச் சொல். ‘முன்பதிவுசெய்துகொள்ளுங்கள்’ என்று ஒரே சொல்லாக எழுதினால் வரி மடங்க இடமே இல்லை. ‘ஆர்டர் செய்க’ போதும். சரிபார்க்கும்போது திரை அகலத்தை 360 பிக்சலில் வைத்துப் பாருங்கள், விலை குறைந்த ஆண்ட்ராய்டுகள் பல அந்த அகலம்தான். எல்லாரும் படிக்கும்படி பக்கம் அமைவதற்கான அணுகல் தரமான டபிள்யூசிஏஜி (WCAG) 320 பிக்சலிலும் பக்கவாட்டில் நகராமல் படிக்க முடிய வேண்டும் என்கிறது.

பாயான் பாரு பலகாரம்:
அண்ணே, ரொம்ப நன்றி! வரி உயரம், பெட்டி உயரம் இரண்டையும் மாற்றியதும் ‘தீ’ முழுசாக வந்துவிட்டது. சிவப்புக் கோடு போட்டதும் பட்டன்தான் என்று தெரிந்தது. எழுத்துருவுக்குப் ‘பவனம்’ எடுத்தேன், பார்க்க அக்காவுக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் தலைப்பைத் தடிமனாக்கினால் மை ஊறின மாதிரி இருக்கிறதே? அப்புறம், புலனம் பட்டனை அழுத்தினால் எண் இல்லை என்று சொல்கிறது. எண் சரிதான், நூறு முறை பார்த்துவிட்டேன்.

கிள்ளான் அக்கா:
தம்பி, எண்ணை எப்படி எழுதினீர்கள்? புலன இணைப்பில் நாட்டுக் குறியீட்டோடு முழு எண்ணையும் போட வேண்டும், கூட்டல் குறி, கோடு, இடைவெளி எதுவும் கூடாது, முன்னால் வரும் சுழியமும் கூடாது. 012 என்று தொடங்கும் எண்ணுக்கு 60 சேர்த்தால் 6012 ஆகும். பலர் 60-ஐப் போட்டுவிட்டு 012-ஐயும் அப்படியே ஒட்டிவிடுவார்கள், அப்போது 60012 ஆகிவிடும், அப்படி ஓர் எண் கிடையாது. உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்கும்.

நானும் கேக் ஆர்டருக்குப் பக்கம் வைத்திருக்கிறேன், அதனால் ஒன்று கேட்கிறேன். விலைப் பட்டியலை எழுத்தாகப் போட்டிருக்கிறீர்களா, போஸ்டர் படமாகவா?

பாயான் பாரு பலகாரம்:
எண் சரியாகிவிட்டது அக்கா, நீங்கள் சொன்னதேதான்! விலைப் பட்டியல் போஸ்டர்தான், முகநூலில் போட்டதையே ஏற்றினேன். ஆரஞ்சு எழுத்து, வெள்ளைப் பின்னணி.

கிள்ளான் அக்கா:
அதை முதலில் எடுத்துவிடுங்கள் தம்பி, கெஞ்சிக் கேட்கிறேன். படத்துக்குள் இருக்கும் விலை கைப்பேசியில் எறும்பு மாதிரி சுருங்கிவிடும், ‘நெய் உருண்டை பினாங்கு’ என்று தேடுபவருக்கு அது கிடைப்பதும் கடினம், திரைவாசிப்பான் வைத்துக் கேட்பவருக்கு அது வெறும் படம். விலை மாறினால் போஸ்டரையே திரும்பச் செய்ய வேண்டும். பலகாரத்தின் பெயர், அளவு, ரிங்கிட் விலை, கீழே பட்டன், இவ்வளவையும் எழுத்தாகப் போடுங்கள். கைப்பேசியில் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்தால் போதும், பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டாம். நீங்கள் முதலில் சொன்ன அந்த மூன்று கேள்விக்கும் பதில் முதல் திரையிலேயே இருக்கட்டும்.

செந்தூல் டிசைனர்:
அக்கா சொன்னதை நூற்றுக்கு நூறு வழிமொழிகிறேன். நிறத்தையும் சேர்த்து மாற்றுங்கள். வழக்கமான ஆரஞ்சை வெள்ளையில் வைத்தால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு ஏறக்குறைய 2:1தான், அதே டபிள்யூசிஏஜிப்படி சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 வேண்டும். தீபாவளிக் களை வேண்டுமென்றால் எழுத்துக்கு அரக்கு நிறம் போடுங்கள், வெள்ளையில் 10:1 தாண்டும். ஆரஞ்சை ஓரக்கோட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தடிமன் விஷயம்: பவனத்தில் ஒரே ஒரு தடிமன்தான் உண்டு, மீரா இனிமையும் அப்படியே. தடிமன் கேட்டால் உலாவி தானாகவே எழுத்தைப் பருமனாக்கிக் காட்டும், தமிழின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். பவனத்தைத் தடிமனாக்காமல் அளவால் மட்டும் பெரிதாக்குங்கள், இல்லையென்றால் தலைப்புக்கு மட்டும் முக்தா மலர் போடுங்கள், அதில் உண்மையான தடிமன் இருக்கிறது. சாய்வெழுத்தும் இதே கதைதான், தமிழுக்கு அதைத் தொடவே வேண்டாம்.

படங்களைக் கைப்பேசியில் எடுத்து அப்படியே ஏற்றினீர்களா? அப்படியானால் ஒவ்வொன்றும் சில எம்பி இருக்கும். படக்கோப்பின் அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற கோப்பு வடிவில் ஏற்றினால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும். பெரிய படம் 2.5 வினாடிக்குள் தெரிந்தால்தான் கூகுள் ‘நல்லது’ என்று கணக்கிடும், ஆனால் கூகுளைவிட எனக்கு முக்கியம், ரயிலில் சிக்னல் குறைவாக இருக்கும்போது பார்க்கும் வாடிக்கையாளர். ‘சோம்பல் ஏற்றம்’ மாதிரி, கீழே நகர்த்தி வரும்போது மட்டும் படத்தை ஏற்றும் வசதி இருந்தால் முதல் படத்துக்கு மட்டும் அதை நிறுத்துங்கள், கீழே இருப்பவற்றுக்கு இருக்கட்டும்.

பாயான் பாரு பலகாரம்:
எல்லாம் மாற்றிக்கொண்டிருக்கிறேன் அண்ணே, அக்கா. விலைகளை எழுத்தாகப் போட்டதும் பக்கமே வேறு மாதிரி ஆகிவிட்டது. கடைசியாக ஒன்று: அக்காவின் ஐபோனில் ஆர்டர் படிவத்தில் பெயர் எழுதத் தொட்டால் பக்கம் தானாகப் பெரிதாகி ஒரு பக்கம் சாய்கிறது. பக்கவாட்டுப் பிரச்சினை திரும்ப வந்துவிட்டதா?

செந்தூல் டிசைனர்:
இல்லை, இது வேறு. எழுதும் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் ஐபோன் தானாகப் பெரிதாக்கிக் காட்டும். வார்ப்புருவில் 14 என்று இருக்கும், 16 ஆக்குங்கள், நின்றுவிடும். பெரிதாக்குவதையே தடை செய்யும் அமைப்பு ஏதாவது இருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள், கண் மங்கியவர்கள் விரலால் பெரிதாக்கித்தான் படிப்பார்கள். தொலைபேசி எண் பெட்டிக்கு வகையை ‘தொலைபேசி’ என்று தேர்ந்தெடுத்தால் எண் விசைப்பலகை நேராக வரும், அதையும் இப்போதே செய்துவிடுங்கள்.