மீன்வளப் பாடம் எடுத்தபோது நடந்ததில் இன்னும் மனதை விட்டுப் போகாதது எது?

எட்டாம்வகுப்பு வாத்தி:
நானே தொடங்குகிறேன். எல்லாரும் ஆடவைக்கிற அந்தப் பொத்தான் விளையாட்டுதான். தட்டு கடல், பொத்தான் மீன். நாலு பேருக்கு ஒரு தட்டு, தட்டில் 16 பொத்தான், பேசக் கூடாது, இரண்டுக்குக் குறைவாக எடுத்தால் அவுட், மிச்சம் இருப்பது அடுத்த சுற்றில் இரட்டிப்பாகும், ஆனால் 16-ஐத் தாண்டாது. வழக்கம்போல முதல் சுற்றிலேயே எல்லாத் தட்டும் காலி. ஒரு மேசையில் மட்டும் ஒரு பையன் இரண்டே இரண்டு எடுத்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். மற்ற மூவரும் மிச்சத்தை வழித்து எடுத்தார்கள். நான் உற்சாகமாக, "பார்த்தீங்களா, எல்லாரும் இவனை மாதிரி இருந்திருந்தா?" என்று ஆரம்பித்தேன். அவன் குறுக்கிட்டு, "சார், நான் விட்டதையும் அவங்கதானே எடுத்தாங்க, எனக்கு என்ன கெடச்சுது?" என்றான். மணி அடித்துவிட்டது. நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டுத் தப்பித்து வந்துவிட்டேன். மூன்று வாரம் ஆகிறது.

உப்புக்காற்று:
எனக்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட் மீன் பாடம். 1968-இல் 8 லட்சம் டன் வரை பிடித்த இடம், 1992 ஜூலை 2 அன்று கனடா அரசு மொத்தமாகத் தடை போட்டது, முப்பதாயிரம் பேருக்கு வேலை போனது, இரண்டு வருடத் தடை என்றார்கள், முடிந்தது என்று அறிவிக்க 2024 ஆகிவிட்டது. ஸ்லைடுக்குத் தலைப்பு 'பேராசையின் விலை'. ஒரு மாணவி கை தூக்கி, "கரையோரம் சின்னப் படகுல போறவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமே, அவங்க சொல்லலையா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். சொல்லியிருக்கிறார்கள்! எண்பதுகளிலேயே மீன் சிறுத்துவிட்டது, வரத்து குறைந்துவிட்டது என்று கரையோரத்துக்காரர்கள் கத்தியிருக்கிறார்கள். ஆனால் கடலில் எவ்வளவு மீன் மிச்சம் என்று போடும் இருப்புக் கணக்கில் பெரிய இழுவைக் கப்பல்களின் பிடிப்புக்கும் பங்கு இருந்தது. அவர்களிடம் மீன் இருக்குமிடத்தை ஒலியால் காட்டும் சோனார் கருவி உண்டு, எஞ்சிய மீன் கூட்டமாக எங்கே ஒதுங்கினாலும் தேடிப் போய்ப் பிடிப்பார்கள், அதனால் கடலில் மீன் குறையக் குறைய அவர்கள் மடி, அதாவது இழுவை வலை, மட்டும் நிறைந்தே வந்தது, கணக்கும் மீன் நிறைய இருப்பதாகவே காட்டியது. இப்போது அந்த ஸ்லைடை அழிக்கவும் மனம் வரவில்லை, காட்டவும் வாய் வரவில்லை.

கணக்கு டீச்சர்:
வாத்தி சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தப்பு பையன் மேல் இல்லை, உங்கள் விதியில். 'பேசக் கூடாது' என்று வாயைக் கட்டிவிட்டு, பிறகு பொதுச்சொத்து என்றால் இப்படித்தான் அழியும் என்று பாடம் நடத்துகிறோம். 1968-இல் அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். அமெரிக்க அரசியல் அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரோம் அதை மறுத்துத்தானே 2009-இல் பொருளாதார நோபல் வாங்கினார். அவர் காட்டும் துருக்கியின் அலன்யா ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். வலை போடும் இடங்களுக்கெல்லாம் பெயர் வைத்துப் பட்டியல் போட்டு, செப்டம்பரில் சீட்டுக் குலுக்கி, தினமும் ஆளுக்கு ஓர் இடம் கிழக்கே நகர்வது, ஜனவரிக்குப் பிறகு மேற்கே திரும்புவது. எல்லாருக்கும் நல்ல இடம் ஒரு நாள் வந்தே தீரும். யாராவது ஏமாற்றினால் அன்றைக்கு அந்த இடம் யாருடைய முறையோ அவரே விடமாட்டார், தனியாகப் போலீஸ் தேவையில்லை. அதனால் இரண்டாம் சுற்றில் பிள்ளைகளைப் பேச விடுங்கள், விதியை அவர்களே எழுதட்டும், தண்டனையையும் அவர்களே முடிவு செய்யட்டும், அப்புறம் வேண்டுமென்றே பக்கத்து மேசையிலிருந்து ஒருவனை உள்ளே விடுங்கள், என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள், அதைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஆ, என் அனுபவம்: நான் அப்படி விட்டபோது ஒரு மேசை காவல்காரன் எல்லாம் நியமித்தது. வகுப்பு முடிந்து எண்ணினால் மூன்று பொத்தான் காணவில்லை. காவல்காரனின் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது.

பின்பெஞ்சு:
நான் ஆசிரியர் இல்லை, உட்கார்ந்து கேட்டவன். அப்பா இழுவைப் படகில் வேலை. பத்தாம் வகுப்பில் டீச்சர் இரண்டு படம் போட்டார், மடி இழுக்காத கடல்தரை ஒன்று, இழுத்தது ஒன்று. முதலாவதில் பவளமும் கடற்பஞ்சும், இரண்டாவதில் உழுத வயல் மாதிரி கோடு கோடாக வெறும் சேறு. "சில பேருடைய சுயநலம்" என்றார். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. ஒருவனும் ஒன்றும் சொல்லவில்லை, வெறுமனே பார்த்தார்கள். நான் ஸ்கேலால் மேசையைக் கீறிக்கொண்டே இருந்தேன்.

படம் பொய் என்று சொல்லவில்லை. மடியில் வருவதில் பாதிக்குமேல் சங்காயமாக, அதாவது விலைபோகாத பொடிமீனும் கழிவுமாக, இருக்கும் நாளில் அப்பாவே வீட்டில் சரியாகப் பேசமாட்டார். ஆனால் படகு அவருடையது இல்லை, எங்கே போவது, வலைக்கண் எவ்வளவு சின்னது, எதையும் அவர் முடிவு செய்வதில்லை, வந்ததில் டீசல் செலவு கழித்து மிஞ்சுவதில்தான் அவருக்குப் பங்கு. கணக்கு டீச்சர், உங்கள் அலன்யாவில் அவரவர் படகு, அவரவர் முறை. அப்பா யாரோடு உட்கார்ந்து சீட்டுக் குலுக்குவார்?

உப்புக்காற்று:
இந்தக் கேள்வியோடு அந்த ஸ்லைடை அழித்துவிட்டேன். தலைப்பை மட்டும்தான், படம் இருக்கிறது.

எட்டாம்வகுப்பு வாத்தி:
பின்பெஞ்சு, அந்தப் பையன் வீட்டில் என்ன வேலை என்று நான் இதுவரை கேட்கவே இல்லை. இரண்டு எடுத்தவனுக்கு ஏதாவது தெரிந்திருக்குமோ என்று இப்போதுதான் உறைக்கிறது. திங்கட்கிழமை மூன்றாவது பீரியட் அதே வகுப்பு. பொத்தானைப் பையில் எடுத்துவைத்துவிட்டேன். இந்தத் தடவை தட்டுக்கு ஒரு முதலாளி வைக்கலாமா என்று யோசிக்கிறேன், எத்தனை எடுப்பது என்று அவன் சொல்வான், எடுப்பது மற்றவர்கள்.

கணக்கு டீச்சர்:
வையுங்கள் சார். ஜாமெட்ரி பாக்ஸை மட்டும் முதலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.