வாசலிலிருந்து பெட்டி வரை அம்மாவை எப்படி அழைத்துப் போவது?

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அம்மாவை ரயிலில் கூட்டிப் போகணும். வயது 71, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சீட்டில் உட்கார்ந்துவிட்டால் கவலையில்லை. ஸ்டேஷன் வாசலிலிருந்து பெட்டி வரைக்குமான நடையை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

போன முறை அந்தத் தூரத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஒரு பெட்டி ஏறக்குறைய 24 மீட்டர். 20 பெட்டி என்றால் ரயில் மட்டுமே அரை கிலோமீட்டருக்குப் பக்கம். மேம்பாலம் பிளாட்பாரத்தின் நடுவில் இறங்கினால்கூட, கடைசிப் பெட்டிக்கு இன்னும் 200 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். நமக்கு அது மூன்று நிமிடம். அம்மாவோ நின்று நின்று வருவார். லிஃப்ட் இருந்தது, ஆனால் மறுகோடியில். வழியில் உட்கார ஒரு பெஞ்ச்கூட இல்லை. ஏறி உட்கார்ந்ததும் வலி தாங்காமல் அழுதுவிட்டார். அதை என்னால் மறக்கவே முடியவில்லை.

சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வாசலிலேயே கிடைத்ததா, உள்ளே தேடி அலைய வேண்டியிருந்ததா? லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் எந்தப் பெட்டி நிற்கும் என்று டிக்கெட் எடுக்கும் முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா? எந்த வாசலில் இறங்கினால் நடை குறையும் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய சிக்கல். “நான் என்ன நோயாளியா?” என்று அம்மா சக்கர நாற்காலியில் உட்காரவே மறுக்கிறார். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிப் பேசிச் சம்மதிக்க வைத்தீர்கள்?