பாலக்கோடு பெரிய வீடு (குடும்பக் குழு)

செல்வி அத்தை: விவேக் பேக்ல இருந்து ஏதோ ஒழுகி என் அரக்கு பட்டுல பட்டிருக்கு. ஒரே பிசுபிசுப்பு. மாம்பழ வாசனை வேற. நாளைக்கு காதுகுத்துக்கு நான் எதைக் கட்டறது

செல்வி அத்தை: 📷 போட்டோ

ஓசூர் ரமேஷ்: பேனாவா அது

கலா: காவேரிப்பட்டணம் சித்தி கொடுத்த மாங்கூழ் கொட்டிடுச்சா?

காவேரிப்பட்டணம் சித்தி: நான் கொடுத்தது டின். இன்னும் பிரிக்கவே இல்ல. எது நடந்தாலும் என் பேருதான்

செல்வி அத்தை: டின் இல்ல. சின்னதா கண்ணாடிக் குப்பி, அடியில பேட்டரி மாதிரி

விவேக்: அத்தை அது என்னோடது. வேப். லண்டன்ல ஏறினதுல இருந்தே டேங்க் லீக். யாருக்காவது சரி பண்ணத் தெரியுமா

பெரியப்பா: வேப் என்றால்

ஓசூர் ரமேஷ்: இ-சிகரெட் பெரியப்பா

பெரியப்பா: 🚫 இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

கலா: யாழினி கையும் பிசுபிசுன்னு இருக்கு!! அவதான் பேக்கைத் திறந்திருக்கா

மணி சித்தப்பா மெடிக்கல்: கலா, புடவையை அப்புறம் பார்க்கலாம். பாப்பா கையை இப்பவே சோப்பு போட்டு ஓடற தண்ணியில கழுவு. சட்டையையும் மாத்திடு. அது நிகோடின் கலந்த திரவம், தோல் வழியாவே உள்ள போகும். வாயில வெச்சிருந்தா வாந்தி, எச்சில் ஒழுகறது, வேர்வை, படபடப்பு வரும். அதிகமானா வலிப்பே வரும். அப்படி எது தெரிஞ்சாலும் உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. 108ஐ கூப்பிட்டு நேரா தர்மபுரி ஜி.ஹெச் போங்க.

கலா: கழுவறேன்

பெரியம்மா: பிள்ளைக்கு என்னாச்சு

பெரியம்மா: 🎤 0:41

ஓசூர் ரமேஷ்: கிடா ரெண்டா மூணா? கடைக்காரர் லைன்ல இருக்கார்

செல்வி அத்தை: இப்ப கிடா ரொம்ப முக்கியமா

கலா: ரெண்டு தடவை கழுவிட்டேன் சித்தப்பா. வாயில வைக்கலங்கறா. நல்லாத்தான் விளையாடறா

மணி சித்தப்பா மெடிக்கல்: நல்லது. இருந்தாலும் ராத்திரி வரைக்கும் ஒரு கண் வெச்சுக்கோ. விவேக், அங்க சட்டப்படி தொட்டிக்கு 2 மில்லி, மில்லிக்கு 20 மில்லிகிராம் நிகோடின் வரைக்கும் இருக்கலாம். நிரம்பின தொட்டியில 40 மில்லிகிராம். மூணு வயசுக் குழந்தைக்கு அது கொஞ்சநஞ்சம் இல்ல. அதுல மாம்பழ வாசனை வேற போட்டு வெச்சா எந்தப் பிள்ளைதான் தொடாது?

விவேக்: சாரி சித்தப்பா. ஆனா ஏன் ஒழுகுது? போன வாரம்தான் காயில் மாத்தினேன்

மணி சித்தப்பா மெடிக்கல்: சொல்றேன். தொட்டிக்குள்ள திரவத்துக்கு மேல கொஞ்சம் காத்து இருக்கும். திரவத்தைச் சூடாக்குற கம்பிச்சுருள்தான் காயில், அதைச் சுத்தி பஞ்சு. வெளியழுத்தத்தை விட உள்ளழுத்தம் ஒரு பொட்டு கம்மியா இருக்கிறதாலதான் திரவம் பஞ்சைத் தாண்டி இறங்காம நிக்குது. விமானம் மேல போனதும் கேபின் அழுத்தம் குறையும், உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு திரவத்தை வெளியே தள்ளும். அப்புறம் பெங்களூர்ல இருந்து வந்த வண்டியை வெயில்ல நிறுத்தியிருக்கீங்க. சூட்டுல காத்து இன்னும் விரியும், திரவமும் இளகும். இது தவிர ரப்பர் வளையம் நைஞ்சிருக்கலாம், காயில் இறுக்கமா திருகாம இருக்கலாம், ஊத்தும்போது நடுக்குழாய்க்குள்ள போயிருக்கலாம். எல்லாம் சரி பண்ணலாம். ஆனா குழந்தை இருக்கிற வீட்டுல அதை நிரப்பாதே.

ஓசூர் ரமேஷ்: 👍

பெரியப்பா: தூக்கி அடுப்புல போடுங்க

மணி சித்தப்பா மெடிக்கல்: அண்ணா வேண்டாம், லித்தியம் பேட்டரி, வெடிக்கும்

ஓசூர் ரமேஷ்: இங்க அது தடைதானே

மணி சித்தப்பா மெடிக்கல்: 2019 சட்டம். வெளிநாட்டுல இருந்து கொண்டு வர்றது, விக்கிறது ரெண்டும் குத்தம். முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை ஜெயில் இல்ல 1 லட்சம் வரை அபராதம், ரெண்டும் கூட போடலாம்.

பெரியப்பா: மணி, நம்ம அப்பா பீடியை விட முடியாம கடைசியில மூச்சுக்கு என்ன பாடு பட்டார்னு கூட இருந்து பார்த்தவன் நீ. உன் அண்ணன் மகனுக்கு அதை எடுத்துச் சொல்லு

விவேக்: சிகரெட்டை விடத்தான் பெரியப்பா இதுக்கு மாறினேன். ரெண்டு வருஷமா சிகரெட் தொடல

மணி சித்தப்பா மெடிக்கல்: அது பெரிய விஷயம்டா, நிஜமாவே சந்தோஷம். கடையில 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் இருக்கு. சாயங்காலம் வா, எப்படி மெல்லணும்னு சொல்லித் தரேன். சும்மா மென்னு முழுங்கற விஷயம் இல்ல அது. அந்தக் குப்பியையும் கையோட கொண்டு வா.

விவேக்: வரேன். குப்பி பத்தி நேர்ல பேசலாம்

செல்வி அத்தை: என் புடவை?

மணி சித்தப்பா மெடிக்கல்: அந்தத் திரவத்துல இருக்கிற கிளிசரின் தண்ணியில கரையும். தேய்க்காதே அக்கா. ஈரத்துணியால ஒத்தி எடு, கைக்கு உறை போட்டுக்கோ.

செல்வி அத்தை: அம்மா எனக்குன்னு கொடுத்தது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் யார் பீரோவுல இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்

பெரியம்மா: இப்ப எதுக்கு அது

காவேரிப்பட்டணம் சித்தி: செல்வி, என் மாம்பழக்கலர் பட்டு தரேன், கட்டிக்கோ

செல்வி அத்தை: பார்க்கலாம்

கலா: பெரியப்பா, நாளைக்கு பாப்பா விவேக் மடியிலதானே?

பெரியப்பா: காலையில சொல்றேன்

கலா: தாய்மாமன் மடிதான் பெரியப்பா. அதுக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கான்

பெரியம்மா: அவன் மடிதான். நான் சொல்றேன்

ஓசூர் ரமேஷ்: சரி கிடா?

பெரியப்பா: ரெண்டு

செல்வி அத்தை: பத்தாது

ஓசூர் ரமேஷ்: வேன் 5 மணிக்குச் சொல்லட்டுமா

பெரியம்மா: 5ன்னு சொன்னாத்தான் 6க்கு கிளம்புவீங்க