‘நக்கலடித்தார்கள்’ என்று எழுதினால் தப்பா?

தலவாக்கலை அம்மா:
மகள் தரம் 8 படிக்கிறாள். கட்டுரையில் ‘லயத்துப் பிள்ளை என்று என்னை நக்கலடித்தார்கள்’ என்று எழுதியிருந்தாள். (லயம் என்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகள்.) டீச்சர் அதை வெட்டி, ‘கேலி செய்தார்கள்’ என்று சிவப்பில் திருத்திவிட்டார். இரண்டும் ஒன்றுதானா? வாசித்தால் எனக்குச் சப்பென்று இருக்கிறது.

பண்டாரவளை சேர்:
டீச்சர் செய்தது சரி. விடைத்தாளில் நக்கல் வந்தால் நானும் வெட்டுவேன். எள்ளுதல், இகழ்தல், பரிகாசம் என்று எழுத்துத் தமிழில் இத்தனை இருக்கிறதே. நகை பிறக்கும் நான்கு இடங்களில் எள்ளலைத்தான் தொல்காப்பியர் முதலில் வைக்கிறார். வள்ளுவரும் ‘உருவுகண்டு எள்ளாமை வேண்டும்’ என்றார். நக்கலடிக்காமை வேண்டும் என்றா சொன்னார்?

மஸ்கெலியாக்காரன்:
பரிகாசம் வடமொழி, சேர். அதற்கு வழி விட்டுவிட்டு நக்கலை மட்டும் கேட்டில் நிறுத்துகிறீர்கள். எங்கள் தோட்டத்தில் கேலி என்றால் கலியாண வீட்டில் மச்சினன் மாப்பிள்ளையைப் பண்ணுவது. மாப்பிள்ளையும் சேர்ந்து சிரிப்பார். சம்பள நாளில் டவுன் கடைக்குப் போனால், ‘என்ன, இன்றைக்கு இவர்தான் துரையோ?’ என்று கேட்பான் பாருங்கள், அது நக்கல். அதற்கு நாம் சிரிக்க மாட்டோம். அந்தப் பிள்ளைக்கு நடந்தது இந்த இரண்டாவதுதான்.

பண்டாரவளை சேர்:
அதே தோட்டத்தில் கூட்டாளிமார் ஒருவரை ஒருவர் நக்கலடித்துக்கொண்டேதானே கொழுந்து நிறுக்கப் போகிறார்கள்? ‘சும்மா நக்கலுக்குச் சொன்னேன்டா’ என்பதில் என்ன காயம்? சொல்லில் இல்லாததை நீங்கள் ஏற்றுகிறீர்கள், தம்பி.

பேராதனை மாணவி:
நான் வவுனியா, இங்கே படிக்கிறேன். எங்கள் பக்கம் பகிடி என்போம். ‘என்னோடு பகிடி விடாதே’ என்று சொல்லும்போது இரண்டு பேரும் ஆட்டத்தில் இருக்கிறோம். நக்கலடி, கிண்டலடி, எள்ளு எல்லாம் ‘என்னை’ என்றுதான் வரும், அடிபட ஓர் ஆள் வேண்டும். ஆனால் மஸ்கெலியா அண்ணா, கேலி செய் என்பதும் ‘என்னை’தான். அதனால் இலக்கணம் உங்கள் பக்கம் முழுதாக நிற்கவில்லை. பகிடியையும் நம்பாதீர்கள். வதையைச் சேர்த்துப் பகிடிவதை, அதாவது ராகிங், ஆனதும் என்ன ஆயிற்று? 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தில் அது சிறைக்கு அனுப்பும் குற்றம். கம்பஸுக்கு வந்த முதல் கிழமையிலேயே இந்தச் சொல்லின் எடை எங்களுக்குத் தெரிந்துவிடும்.

மஸ்கெலியாக்காரன்:
சரி தங்கச்சி, உருபை விடுவோம். யார் யாரைச் சொல்கிறார் என்று பாருங்கள். நம் மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை சேர்த்து வைத்த மலைநாட்டுப் பாடல்களில் கங்காணியையும் துரையையும் சும்மா விட்டார்களா? படித்தவர்கள் அதை எள்ளல் என்று எழுதுவார்கள். மலையில் நின்று பாடியவர்களைக் கேட்டிருந்தால் நக்கல் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பண்டாரவளை சேர்:
நன்றி, என் கட்சிக்கே வந்துவிட்டீர்கள். கங்காணியை நோக்கியும் நக்கல், கூட்டாளியிடமும் நக்கல், லயத்துப் பிள்ளையிடமும் நக்கல். மூன்றுக்கும் ஒரே சொல் என்றால், எது நடந்தது என்று வாசிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

மஸ்கெலியாக்காரன்:
முன்னால் ‘லயத்துப் பிள்ளை என்று’ இருக்கிறதே! அதற்குப் பிறகும் தெரியாதவருக்கு எள்ளினார்கள் என்று எழுதினாலும் தெரியாது.

தலவாக்கலை அம்மா:
இவ்வளவும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். ‘கேலி என்றால் நானும் சிரித்திருப்பேனே’ என்கிறாள்.

பண்டாரவளை சேர்:
அப்படியானால் அம்மா, அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதச் சொல்லுங்கள். என்ன தொனியில் சொன்னார்கள், இவள் என்ன செய்தாள் என்று இரண்டு வரி போட்டால் அந்த வினைச்சொல்லே தேவைப்படாது. புள்ளியும் கூடும்.

மஸ்கெலியாக்காரன்:
அதையும் பேச்சுவழக்கு என்று வெட்ட மாட்டீர்களே?

பண்டாரவளை சேர்:
மேற்கோள் குறிக்குள் இருந்தால் வெட்ட மாட்டேன். நக்கலுக்கு மட்டும் இன்னும் வெட்டுதான்.