பாயின்காரே வட்டு: முக்கோணக் கோணங்களின் கூடுதல் 180° என்றே வருகிறது, எங்கே தவறு?

நாணேற்றி:
வணக்கம். ஜியோஜீப்ரா என்ற வடிவியல் மென்பொருளில் ஆரம் 1 உள்ள வட்டம் வரைந்து, அதற்குள் அதிபரவளைய முக்கோணம் ஒன்றை வரைய முயல்கிறேன். அதிபரவளைய வடிவியலில் முக்கோணக் கோணங்களின் கூடுதல் 180°-க்குக் குறைவாக வர வேண்டும்; அந்த வடிவியலை ஒரு வட்டத்துக்குள் காட்டும் மாதிரிதான் பாயின்காரே வட்டு. அ என்ற முனையை வட்டத்தில் பிரதிபலித்து (மையத்திலிருந்து அதே திசையில், தொலைவு d என்றால் 1/d தொலைவில்), வெளியே அ′ எடுத்தேன். அ, ஆ, அ′ வழியாகப் போகும் வட்டத்தின் வில்தான் பக்கம். மற்ற இரண்டு பக்கங்களும் இப்படியே. மூன்றும் அழகாக உள்வளைந்து வருகின்றன. ஆனால் கோணக் கருவியை எடுத்து முனைகளைச் சொடுக்கினால் கூடுதல் 180°, இம்மியும் குறையவில்லை. இன்னொரு தொல்லை: ஆ-வை இழுத்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் வில் சட்டென்று மறைந்துவிடுகிறது. இரண்டு இரவுகள் போய்விட்டன.

காம்பஸ்பெட்டி:
மூன்று புள்ளிகளைச் சொடுக்கினால் அந்தக் கருவியின் கண்ணில் வில்களே படாது. நாண்களுக்கு இடையில் அளக்கும். 180° வராமல் என்ன செய்யும்? முனையில் இரண்டு வில்களுக்கும் தொடுகோடு வரைந்து, அவற்றுக்கு இடையே அளந்து பாருங்கள். சரிபார்க்க ஒரு கணக்கு: முனைகளை மையத்திலிருந்து 0.5 தொலைவில், 120° இடைவெளியில் வையுங்கள். ஒவ்வொரு கோணமும் சுமார் 38.2°, கூடுதல் 114.6° வர வேண்டும்.

நாணேற்றி:
வந்துவிட்டது! ஆனால் ஒரு முனையில் மட்டும் 141.79° காட்டுகிறதே?

காம்பஸ்பெட்டி:
180-இலிருந்து கழித்துப் பாருங்கள். கோடுகளைச் சொடுக்கும் வரிசையை மாற்றினால் சரியாகிவிடும்.

பழைய கணக்காசிரியர்:
வில் மறைவது பிழையன்று. அ, ஆ, மையம் மூன்றும் ஒரே கோட்டில் வந்தால் அ′-வும் அதே கோட்டில்தான் விழும். ஒரு கோட்டில் கிடக்கும் மூன்று புள்ளிகள் வழியாக வட்டம் ஏது? அங்கே விட்டத்தின் துண்டே பக்கம். மையமும் அ, ஆ-வும் சேர்ந்த முக்கோணத்தின் பரப்பு 0.0001-க்குக் கீழே போனால் வில்லுக்குப் பதில் கோட்டுத்துண்டைக் காட்டும்படி நிபந்தனை போடுங்கள். சரியாகச் சுழியா என்று மட்டும் சோதிக்காதீர்கள். கோட்டை நெருங்கும்போதே ஆரம் மிகப் பெரிதாகி வில் நடுங்கத் தொடங்கும். அதைத் தேடி ஒரு முழுநாளை இழந்தவன் சொல்கிறேன்.

வளைவே பிடிக்கவில்லை என்றால், இதே வடிவியலைக் காட்டும் இன்னொரு மாதிரியான கிளைன் வட்டு இருக்கிறது. அதில் நாண்களே நேர்கோடுகள். ஆனால் கோணங்கள் உருக்குலைந்துவிடும். உங்கள் தேவைக்கு அது உதவாது.

நாணேற்றி:
நிபந்தனை போட்டுவிட்டேன், வில் மறைவதில்லை. ஆசைக்கு மூன்று முனைகளையும் 0.99-க்கு நகர்த்திப் பார்த்தேன். கூடுதல் 1.99°!