மறு: பேக்ஃபயர் எஃபெக்ட் – ‘வீம்பு விளைவு’ சரியா?

> பொய்ச்செய்தி என்று எடுத்துச் சொன்னால் ஆள் இன்னும் முரண்டு பிடிக்கிறார். ‘வீம்பு விளைவு’ என்றே வைத்துவிடலாமே?

வணக்கம் ஐயா,

‘பேக்ஃபயர் எஃபெக்ட்’டுக்குத் தமிழ்ச்சொல்லாக வீம்பு நல்ல சொல். எதற்கும் பொருந்திவிடும் ‘எதிர்விளைவை’விட எவ்வளவோ மேல். ஆனால் அதை எதற்குக் கொடுக்கப்போகிறோம்?

2010-ல் நைஹன், ரெய்ஃப்லர் என்ற அரசியல் ஆய்வாளர்கள் பேசியது நம்பிக்கையைப் பற்றி. ஈராக்கில் பேரழிவு ஆயுதம் கிடைக்கவில்லை என்ற திருத்தத்தைப் படித்த அமெரிக்கப் பழமைவாதிகள், அதைப் படிக்காதவர்களைவிட உறுதியாக ஆயுதம் இருந்ததென்று நம்பினார்கள். அதற்கு வீம்பு கச்சிதம். என்ன, பின்னால் உட், போர்ட்டர் என்ற வேறு இரு ஆய்வாளர்கள் பத்தாயிரம் பேருக்கு மேல், 52 விவகாரங்களில் தேடியபோது இந்த வீம்பு தலைகாட்டவே இல்லை. திருத்திச் சொன்னால் பெரும்பாலோர் கேட்டுக்கொள்கிறார்கள். அபிமானத் தலைவரை மட்டும் விடுவதில்லை, அது வேறு கதை.

நம் விவாத இழையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் 2021 ட்விட்டர் ஆய்வு நம்பிக்கையை அளக்கவே இல்லை. பொய்யான அரசியல் செய்தியைப் பகிர்ந்த சுமார் இரண்டாயிரம் பேருக்கு, உண்மைச் சரிபார்ப்புச் சுட்டியோடு பணிவாகப் பதில் போட்டார்கள். போட்டவை தானியங்கிக் கணக்குகள். பெற்றவர்களுக்கு அது தெரியாது. அடுத்த 24 மணி நேரத்தில் அவர்கள் மறுபகிர்வு செய்தவற்றின் தரம் இறங்கியது, கட்சிச் சார்பு ஏறியது, வசவும் கூடியது. மாற்றம் ஓரிரண்டு விழுக்காடுதான், வசவு மூன்று விழுக்காடு அளவில். ஆனால் மூன்றுமே மோசமான திசையில்தான்.

கருத்துக்கணிப்பில் தனியாக உட்கார்ந்து திருத்தத்தைப் படிப்பது வேறு, நாலு பேர் பார்க்க ஒரு முன்பின் தெரியாதவர் வந்து திருத்துவது வேறு. பின்னதில் மனம் செய்தி மெய்யா பொய்யா என்பதை விட்டு, போன மானத்தின் பின்னால் ஓடுகிறது. ஆய்வாளர்களின் ஊகமும் ஏறக்குறைய இதுதான். அந்த மனிதர் உள்ளுக்குள் திருத்தத்தை ஏற்றுக்கொண்டே கூட வசை பாடலாம். அதை வீம்பு என்றால் தப்பாகிவிடும்.

ஆகவே முதலாவதற்கு ‘வீம்பு விளைவு’, இரண்டாவதற்குத் ‘திருத்த முறுகல்’. ஈழத்துப் பத்திரிகைகள் ‘இரு தரப்புக்கும் இடையே முறுகல் நிலை’ என்று உரசல், பதற்றம் என்ற பொருளில் எழுதும் அதே முறுகல். முறுகலென்றால் தோசைதானே என்று ஒருவர் தனிமடலில் சிரித்திருந்தார், தோசை பொறுத்துக்கொள்ளும்.

எனக்கு உறுத்துவது ‘திருத்தம்’தான். சட்டத்திருத்தத்தோடு குழம்புமா? குழம்புமென்றால் ‘மறுப்பு முறுகல்’ எப்படி?