ஸ்ட்ரீட் 100: ஏற்றத்தில் எஞ்சின் அலறுகிறது, வண்டி ஏற மாட்டேன் என்கிறது. கிளட்ச் பிடியே இல்லாத வண்டியில் கிளட்சை எப்படிப் பார்ப்பது?

ரப்பர்க்காடு

எல்லாருக்கும் வணக்கம். வயது 64. ஊர் குலசேகரம் பக்கம். வண்டி 1999 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ட்ரீட்.

இப்படி ஒரு வண்டி வந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது. பார்க்க மொபெட் மாதிரி நடுவில் தாழ்ந்திருக்கும். ஆனால் 97 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், நாலு கியர், 17 இஞ்ச் சக்கரம். கியரைக் காலால் போட வேண்டும். இடது கையில் மட்டும் ஒன்றுமே கிடையாது, வெறும் கைப்பிடி.

அந்த வெறும் கைப்பிடிக்காகத்தான் வாங்கினேன். இடது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. பழைய பைக்கில் மார்த்தாண்டம் நெரிசலைத் தாண்டி வந்தால் இரவு சோற்றுப் பாத்திரத்தைக்கூடத் தூக்க முடியாது. மகன் ஸ்கூட்டர் எடுத்துத் தருகிறேன் என்றான். எனக்குப் போக வேண்டியது தோட்டத்துக்குள். மழை பெய்தால் ஜீப் தடத்தில் ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் குத்தி நிற்கும். பிறகு மேல்புறத்தில் ஒரு வீட்டுத் தொழுத்தில் தார்ப்பாய் மூடிக் கிடந்த இதைக் கண்டுபிடித்து 11,000 ரூபாய்க்கு எடுத்தேன். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை.

இப்போது ஒரு மாதமாகத் தொல்லை. சமதரையில் நன்றாகப் போகிறது. பேச்சிப்பாறை ரோட்டில் ஏற்றம் வந்ததும், மூன்றாவது கியரில் முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறுகிறது, வேகம் இறங்குகிறது. இரண்டாவதுக்கு மாற்றினால் சில நேரம் பிடிக்கும், சில நேரம் பிடிக்காது. அப்புறம், முதல் கியரில் நிற்கும்போது வண்டி தானாக முன்னால் இழுக்கிறது, பிரேக்கை விட முடியவில்லை.

ஆறு வாரம் முன்பு ஒரு கடையில் ஆயில் மாற்றினேன். “கிளட்சையும் கொஞ்சம் டைட் வைத்திருக்கிறேன்” என்றார்கள். இப்போது போய்க் கேட்டால் பிளேட் போச்சு, எஞ்சினைப் பிரிக்கணும் என்கிறார்கள். இன்னொருவர் ஆக்கருக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குப் போடச் சொல்லிவிட்டார். பிரிக்கும் முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?

ஆரல்வாய் காற்று

அண்ணாச்சி, 25 வருட வண்டி. வயதான காலத்தில் எதற்கு இந்தப் பாடு? விற்றுவிட்டு நல்ல ஸ்கூட்டர் எடுங்கள்.

ரப்பர்க்காடு

தம்பி, ஸ்கூட்டர் ஏன் வேண்டாம் என்று மேலே எழுதியிருக்கிறேன். வயதானதை எல்லாம் விற்கலாம் என்றால் முதலில் என்னைத்தான் விற்க வேண்டும்.

பழைய வண்டிப் பைத்தியம்

பிரிக்க வேண்டாம், பொறுங்கள். இந்த வண்டிகளில் பத்துப் பன்னிரண்டாவது என் கை பட்டிருக்கும்.

கிளட்ச் இல்லாத வண்டி என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மையில் இதில் இரண்டு கிளட்ச் இருக்கிறது. ஒன்று எஞ்சின் சுற்றும் தண்டான கிராங்கின் முனையில் இருக்கிறது. எஞ்சின் வேகம் கூடும்போது அதன் ஷூக்கள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும், ஸ்கூட்டரில் இருப்பது மாதிரியேதான். நின்ற இடத்திலிருந்து வண்டியைக் கிளப்புவது இது. இன்னொன்று வழக்கமான பைக் பிளேட் கிளட்ச். அதைக் கைக்குப் பதில் உங்கள் கால் இயக்குகிறது. கியர் லீவரை அமுக்கும்போது முதல் பாதி அசைவு பிளேட்டைப் பிரிக்கும், அடுத்த பாதி கியரை மாற்றும், காலை எடுத்ததும் பிளேட் திரும்பப் பிடிக்கும்.

உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனி நோய். நிற்கும்போது இழுப்பதற்குப் பெரும்பாலும் ஐடில், அதாவது முறுக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம், கூடியிருப்பதுதான் காரணம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கார்புரேட்டரில் ஐடில் ஸ்க்ரூவைக் குறையுங்கள். நிமிடத்துக்கு 1,400 சுற்றுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். மீட்டர் இல்லையென்றால் காதால் பாருங்கள், அணையாமல் நின்றால் போதும்.

ஏற்றத்தில் வழுக்குவதற்கு முதலில் ஆயில் டப்பாவைத் தேடி எடுங்கள். பின்பக்கம் ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்று இருக்க வேண்டும், ஆயிலில் நனைந்து ஓடும் பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான குறி அது. கார் ஆயிலை ஊற்றியிருந்தால், அதில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் மருந்து பிளேட்டை வழுக்க வைக்கும். அளவு பார்க்கும்போது குச்சியைத் திருகாமல் சும்மா வைத்து எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது அட்ஜஸ்ட்மெண்ட். வலதுபக்க எஞ்சின் கவரில் ஒரு நட்டும் அதன் நடுவில் ஸ்க்ரூ டிரைவர் வெட்டும் தெரியும். எஞ்சினை அணைத்துவிட்டு நட்டைத் தளர்த்துங்கள். ஸ்க்ரூவை வலஞ்சுழியாக ஒரு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். அப்புறம் பைய இடஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் லேசாகத் தடுக்கும். அங்கிருந்து மறுபடி வலஞ்சுழியாக அரைக்கால் சுற்று, அதாவது எட்டில் ஒரு பங்கு. ஸ்க்ரூவை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். அந்த எட்டில் ஒரு பங்குதான் லீவருக்குக் கிடைக்கும் ஓய்வு, அதாவது பிளேட்டைப் பிரிக்காமல் லீவர் அசையக்கூடிய இடம். “டைட் வைத்தோம்” என்று அதையும் தின்றிருந்தால் பிளேட் எப்போதும் பாதி பிரிந்தபடியே இருக்கும்.

குளச்சல் பையன்

இந்தக் கிளட்ச் இல்லாத ஐடியா ஹோண்டாவின் சூப்பர் கப்பில் வந்தது, 1958. ஜப்பானில் நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டும் என்று யோசித்துச் செய்தார்கள் என்பார்கள். 2017இல் பத்துக் கோடி வண்டி தாண்டிவிட்டது. உங்கள் வண்டி அந்த வம்சம். ஹோண்டாவின் ஆப்பிரிக்கா ட்வின் பெரிய பைக்கில் டிசிடி என்று தானாகக் கிளட்ச் பிடிக்கும் கியர் ஒன்று வருகிறதே, அதிலும் இடது கையில் கிளட்ச் கிடையாது. ஆனால் அது பல லட்சம், உங்களுடையது 11,000.

ரப்பர்க்காடு

நான்கு நாள் கழித்து வருகிறேன். இடையில் மழை.

ஐடிலைக் குறைத்ததும் இழுப்பது நின்றுவிட்டது. பெரிய நிம்மதி. ஆயில் டப்பா தொழுத்தில் கிடந்தது, எம்ஏ என்றுதான் இருக்கிறது. ஸ்க்ரூவைப் பொறுத்தவரை நீங்கள் சொன்னதே நடந்திருக்கிறது. நட்டைத் தளர்த்தி இடப்பக்கம் திருப்பப் பார்த்தேன், ஒரு நூல்கூட அசையாமல் உடனே தடுத்தது. ஓய்வே இல்லை. நீங்கள் எழுதியபடி வைத்தேன்.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் அதே ஏற்றத்தில் மறுபடியும் வழுக்கல். முன்பு மாதிரி எப்போதும் இல்லை, விட்டு விட்டு வருகிறது.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். மருமகன் வண்டியை வாங்கிக்கொண்டு பேச்சிப்பாறை அணை வரை போய்வந்தான். என்னைவிடப் பதினைந்து கிலோ கூட இருப்பான். ஒரு இடத்திலும் வழுக்கவில்லையாம். “மாமா, வண்டிக்கு ஒரு சீக்கும் இல்ல” என்று சாவியைத் தந்துவிட்டான். நான் எடுத்தால் வழுக்குகிறது.

ஆரல்வாய் காற்று

அப்போ வண்டிக்குச் சுற்றிப் போடுங்கள்.

பழைய வண்டிப் பைத்தியம்

இது நல்ல தடயம். பிளேட் தேய்ந்திருந்தால் பாரம் கூடின ஆளுக்கு முதலில் வழுக்கியிருக்கும். இனி பிளேட்டைச் சந்தேகப்பட வேண்டாம். ஓட்டுவதில் ஏதோ வித்தியாசம் இருக்கிறது. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு முறுக்குகிறீர்களா? கால் லீவர் மேல் கிடக்கிறதா?

ரப்பர்க்காடு

கால் லீவர் மேல் இல்லை. நாற்பது வருடமாக வண்டி ஓட்டுகிறேன், அந்தப் பழக்கம் கிடையாது.

தக்கலைக்காரி

அண்ணாச்சி, எனக்கு வண்டி தெரியாது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. ஒரே ஒரு கேள்வி. உங்களுக்குச் சுகர் உண்டா? என்ன செருப்புப் போட்டு ஓட்டுகிறீர்கள்?

கேட்பதற்குக் காரணம் உண்டு. என் அப்பாவின் காலிலிருந்து செருப்பு நடுரோட்டில் கழன்று விழுந்து, வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

ரப்பர்க்காடு

சுகர் 13 வருடமாக உண்டு. பாதத்தில் எரிச்சல் என்று காட்டப்போய், டாக்டர் எம்சிஆர் செருப்பு, சுகர்காரர் காலுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு, எழுதித் தந்தார். இரண்டு மாதம் ஆகப்போகிறது. அகலமாக, அடி தடிமனாக இருக்கும். தோட்டத்துக்கும் அதைத்தான் போடுகிறேன். அதற்கும் கிளட்சுக்கும் என்னம்மா சம்பந்தம்?

பழைய வண்டிப் பைத்தியம்

சம்பந்தம் நிறைய இருக்கிறது. யாரையாவது இன்னொரு வண்டியில் உங்கள் இடதுபக்கம் வரச் சொல்லி, ஏற்றத்தில் உங்கள் காலை மட்டும் போனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். பிடிக்கிறவர் பின்னால் உட்காரட்டும், ஓட்டுகிறவர் போனைத் தொட வேண்டாம்.

ரப்பர்க்காடு

பிடித்தார்கள். மருமகன் ஓட்ட, பேரன் பின்னால் இருந்து எடுத்தான். சாயங்காலம் திண்ணையில் இருந்து பார்த்தோம்.

ஏற்றம் தொடங்குகிற இடத்தில் நான் கொஞ்சம் முன்னால் சாய்கிறேன். அப்போது இடது பாதம் முன்னால் நகர்கிறது. செருப்பின் முனை லீவர் மேல் போய் உட்காருகிறது, லீவர் ஒரு விரல்கடை இறங்குகிறது. அதே நொடியில் எஞ்சின் சத்தம் ஏறுவது படத்தில் கேட்கிறது. பேரன் அந்த இடத்தை மூன்று முறை போட்டுக் காட்டினான்.

எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கால் லீவரில் பட்டதே தெரியவில்லை.

இங்கே எழுதுவதற்கு முன் வலது காலால் இடது பெருவிரலை மிதித்துப் பார்த்தேன். மிதிக்கிறது தெரிகிறது, ஆனால் ஏதோ சாக்குக்குள் இருக்கிற விரலை மிதிப்பது மாதிரி இருக்கிறது.

நாளை முதல் பழைய ரப்பர் செருப்பைப் போட்டு ஓட்டலாம் என்று இருக்கிறேன்.

தக்கலைக்காரி

ஐயோ, அதைச் செய்யாதீர்கள் அண்ணாச்சி! சுகரால் உணர்ச்சி குறைந்த காலுக்கு மெல்லிய செருப்பு ஆபத்து. முள் குத்தினாலும் தெரியாது, வலது கால் சைலன்ஸரில் பட்டுப் பொள்ளினாலும் தெரியாது. இரண்டும் ஆறாத புண்ணாகி எங்களிடம் வருவதை வாராவாரம் பார்க்கிறோம். எம்சிஆரையே போடுங்கள், குதிகாலில் வார் வைத்ததாக வாங்குங்கள். வண்டியைக் காலுக்குத் தகுந்தபடி மாற்ற முடியுமா என்று அந்த அண்ணனிடம் கேளுங்கள்.

டாக்டரிடம் போய் இரண்டு பாதத்தையும் மோனோஃபிலமெண்ட் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நைலான் நரம்பு மாதிரி இருக்கும், 10 கிராம் அழுத்தத்தில் வளையும், வலிக்காது. வலது காலைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். இடது காலில் கியர், வலது காலில் பிரேக். கியர் தெரியாவிட்டால் வண்டி வழுக்கும், பிரேக் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய வண்டிப் பைத்தியம்

தங்கச்சி சொன்னது சரி. நான் ஆயிலையும் ஸ்க்ரூவையும் பிடித்துக்கொண்டிருந்தேன், அவர் செருப்பைப் பிடித்துவிட்டார்.

கடைக்காரர் ஓய்வை எடுத்துவிட்டதால் முன்பு லேசாகப் பட்டாலே வழுக்கியது. நீங்கள் ஓய்வைக் கொடுத்த பிறகு நன்றாக அமுங்கினால் மட்டும் வழுக்குகிறது. அதனால்தான் விட்டு விட்டு வந்தது. சமதரையில் பிளேட்டுக்குப் பாரம் இல்லை, பாதிப் பிடியிலும் ஓடிவிடும். ஏற்றத்தில் முழுப் பிடி வேண்டும். இதைவிடப் பெரிய அபாயம் இறக்கத்தில்: லீவர் அமுங்கியிருந்தால் எஞ்சின் பிடிக்காது, வண்டி சும்மா உருளும். முன்னும் பின்னும் டிரம் பிரேக், ரோட்டில் நனைந்த ரப்பர் இலை. யோசித்துக்கொள்ளுங்கள்.

லீவரைப் பல் வைத்த தண்டில் மாட்டி ஒரு போல்ட் போட்டிருக்கும். போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் வராது, முழுதாக உருவ வேண்டும். முன்பக்கம் ஒரே ஒரு பல் தாழ்த்தி மாட்டுங்கள். முன்பக்கம் தாழ்ந்தால் பின்பக்கம் உயரும். குதிகால் அதில் இடிக்கிறதா என்று வண்டியை ஸ்டாண்டில் போட்டு, அந்தச் செருப்போடு உட்கார்ந்து பாருங்கள். இடித்தால் ஒரு பல்கூட அதிகம். பாதத்தையும் ஒரு அங்குலம் பின்னால் இழுத்து வையுங்கள், விரலடி ஃபுட்ரெஸ்ட் மேல் வரட்டும்.

குளச்சல் பையன்

லைசென்ஸ் எப்போது முடிகிறது அண்ணாச்சி? 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்து வருடம்தான் தருவார்கள். 40 தாண்டியவர்களுக்கு 1ஏ படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் வேண்டும். காலைக் காட்டப் போகும்போது அதையும் பேசிவிடுங்கள்.

ரப்பர்க்காடு

லைசென்ஸ் அடுத்த மார்ச் வரை இருக்கிறது. ஆர்சி 2024இல் புதுப்பித்தது, 2029 வரை கவலை இல்லை. எனக்குத்தான் வண்டியைவிடக் குறைந்த தவணை.

டாக்டரைப் பார்த்தேன். நைலான் நரம்பால் குத்திப் பார்த்தார். இடது காலில் பெருவிரலும் முன்பாதமும் தெரியவில்லை. வலது காலில் எல்லா இடமும் தெரிந்தது. வலது கால் நன்றாக இருக்கிற வரை பகலில் ஓட்டுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார். வலது காலிலும் தெரியாமல் போனால் அன்றைக்கு வண்டியை விடணும் என்றும் சொன்னார். சரி என்றுவிட்டேன்.

லீவரை ஒரு பல் தாழ்த்தியாயிற்று. குதிகால் இடிக்கவில்லை. நேற்று வீட்டுக்காரியைப் பின்னால் வைத்துப் பேச்சிப்பாறை வரை போனேன். வழுக்கல் இல்லை. ஒரே ஒரு முறை கால் முன்னால் போயிருக்கிறது. “காலு” என்று அவள் இடது தோளில் ஒரு தட்டுத் தட்டினாள், இழுத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது தட்டு விழவில்லை.

பைத்தியம் அண்ணாச்சி, இன்னும் ஒன்று. லீவர் முனையின் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறது. இதற்கென்று ரப்பர் கிடைக்குமா, வேறு வண்டியுடையது சேருமா?

பழைய வண்டிப் பைத்தியம்

பழையதைக் கழற்றி மார்த்தாண்டத்தில் சாமான் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள். கம்பியின் தடிமன் ஒத்துப்போனால் எந்த வண்டி ரப்பரும் சேரும். மெல்லியதாகப் பார்த்து எடுங்கள், தடித்தது போட்டால் மறுபடி செருப்பில் முட்டும்.